வாலழகன் குதித்தானா, விழுந்தானா?

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில் வாலழகன் என்றொரு சாம்பல் மந்தி இனக் குரங்கு இருந்தான். அவனுக்கு வால் நீளம். பெருமை அதைவிட நீளம்.

நாவல் மரத்தின் உச்சியில் உட்கார்ந்து காவல் காப்பது அவன் வேலை. சிறுத்தையைக் கண்டால், "கக்! கக்!" என்று காடே அதிரக் கத்துவான். உடனே கீழே மேயும் புள்ளிமான்கள் ஓடித் தப்பும். காலையும் மாலையும் கிளையை உலுக்கி அவற்றுக்குப் பழமும் உதிர்ப்பான்.

அப்படிப்பட்ட வாலழகனுக்கு இளைப்பு நோய் வந்தது. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் கேட்டது. அவன் அம்மா அவனை இருவாச்சிப் பறவையான வைத்தியரிடம் அழைத்துப் போனாள்.

வைத்தியர் இரண்டு இன்ஹேலர்களைக் கொடுத்தார்.

"இது தினசரி மருந்து. காலையும் மாலையும் எடுக்க வேண்டும். நன்றாக இருக்கும் நாளிலும் விடக் கூடாது. மற்றது அவசரத்துக்கு, இளைப்பு வந்தால் மட்டும். நன்றாகக் குலுக்கி, இந்தச் சுரைக்குடுவையில் பொருத்தி, குடுவையின் வாயில் உன் வாயை வைத்து அழுத்து. மெதுவாக மூச்சை இழு. முடிந்ததும் வாய் கொப்பளி."

கொஞ்ச காலம் வாலழகன் ஒழுங்காக எடுத்தான். இளைப்பு போயே போய்விட்டது. ஒரு நாள், குடுவையும் முகமுமாக இருந்த தன்னை ஆற்று நீரில் பார்த்தான்.

"ஐயையோ! சுரைக்காய்க்கு வால் முளைத்த மாதிரி அல்லவா இருக்கிறேன்!"

அவனைப் பார்த்து வேறு யாரும் சிரிக்கவில்லை. அவனே சிரித்தான், அவனே வெட்கப்பட்டான்.

"இளைப்புதான் இல்லையே, மருந்து எதற்கு?" என்று அவனே தீர்ப்பும் சொல்லிக்கொண்டான்.

அன்று முதல் மரத்துக்குப் பின்னால் போய், மருந்தைக் காற்றில் அடித்துவிட்டு வந்தான்.

"எடுத்தாயா கண்ணா?" என்று அம்மா கேட்பாள்.

"எடுத்தேன் அம்மா!"

'காட்டிலேயே பெரிய புத்திசாலி நான்தான்' என்று நினைத்துக்கொள்வான். மருந்து முழுவதும் அங்கே பறந்த பட்டாம்பூச்சிகளுக்குப் போனது. பாவம், அவற்றுக்கு இளைப்பே கிடையாது.

மெல்ல மெல்லக் காலையில் இருமல் வந்தது. "தொண்டையில் நாவல் கொட்டை சிக்கியிருக்கும்" என்றான். மரம் ஏறும்போது மூச்சு வாங்கியது. "மரம் வளர்ந்துவிட்டது போல" என்றான்.

ஆடிக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. அன்று மாலை வாலழகன் மரத்தின் மேலே இருந்தான். மருளி என்ற மான்குட்டி தன் கூட்டத்தோடு கீழே மேய்ந்துகொண்டிருந்தாள். அப்போது புதருக்குள் ஏதோ அசைந்தது. சிறுத்தை!

வாலழகன் வாயைத் திறந்தான்.

"வீ... வீஈஸ்..."

அவ்வளவுதான் வந்தது. மறுபடி முயன்றான். நெஞ்சை யாரோ கயிற்றால் இறுக்கியது போல இருந்தது.

மருளி நிமிர்ந்து பார்த்தாள். "வாலழகன் இன்று விசில் அடிக்கிறான். குஷியாக இருக்கிறான் போல!"

புதருக்குள் பதுங்கியிருந்த சிறுத்தை, "ஊதப்பா, நன்றாக ஊது" என்று முணுமுணுத்தபடி இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

வாலழகன் மான்களை விரட்ட, நாவல் பழங்களைப் பறித்து எறிந்தான்.

"அட, பழம் வேறு போடுகிறான்!" என்று மான்கள் ஓடவில்லை. மரத்தடிக்கே வந்தன. சிறுத்தைக்கு வேலை இன்னும் சுலபமானது.

'நல்ல காவல்காரன் நான்! மான்களை வரிசையாகக் கூப்பிட்டுச் சிறுத்தைக்குப் பரிமாறுகிறேனே!'

கிளையைப் பிடித்து உலுக்கினான். கண் இருட்டியது. கை நழுவியது. கீழே இருந்த காய்ந்த கிளைமேல் விழுந்தான். கிளை மடாரென்று முறிந்து, அவனையும் சேர்த்துக்கொண்டு, பாய வந்த சிறுத்தையின் முதுகிலேயே விழுந்தது.

மான்கள் நாலாபுறமும் சிதறி ஓடின. சத்தம் கேட்டு மந்திக் கூட்டம் முழுவதும் கத்திக்கொண்டு வந்தது. முதுகைத் தேய்த்துக்கொண்டே சிறுத்தை ஓடிப்போனது.

ஆனால் வாலழகனால் எழ முடியவில்லை. உதடு வெளுத்திருந்தது. கூட்டத்தோடு ஓடி வந்த அம்மா, கையோடு கொண்டுவந்த அவசர மருந்தைக் குடுவையில் பொருத்தி அவன் வாயில் வைத்தாள்.

"பயப்படாதே கண்ணா. மெதுவாக இழு... விடு... இன்னொரு தடவை."

மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அதற்குள் வைத்தியரும் பறந்து வந்துவிட்டார். மான்களும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

"எங்களுக்காக உயிரையே பணயம் வைத்துக் குதித்தாயே!" என்றாள் மருளி. கண் நிறைய நீர்.

கூட்டமே அவனை வீரனாகப் பார்த்தது. வாலழகனுக்கு அது இனித்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் வாய் வரவில்லை.

"நான் குதிக்கவில்லை" என்றான். "விழுந்தேன்."

"தினமும் மருந்து எடுத்தானே!" என்று அம்மா வைத்தியரிடம் சொன்னாள்.

"நான் எடுக்கவில்லை அம்மா. பட்டாம்பூச்சிகள் எடுத்தன."

அம்மாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. வைத்தியர், "தினசரி மருந்தை விட்டால் மூச்சுக்குழாய் உள்ளுக்குள் சுருங்கிக்கொண்டே வரும். வெளியே தெரியாது" என்றார்.

மருளி யோசித்தாள். "தினமும் காலையிலும் மாலையிலும் நீ எங்களுக்குப் பழம் உலுக்குவாயே? இனி நீ மருந்து எடுத்த பிறகுதான் நாங்கள் பழம் தின்போம்."

மறுநாள் விடிந்ததும் மான் கூட்டம் பசியோடு மரத்தடியில் நின்றது. "வாலழகா! குடுவை!" என்று கத்தியது. அம்மா பக்கத்துக் கிளையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் குலுக்கினான், அழுத்தினான், மெதுவாக இழுத்தான், வாய் கொப்பளித்தான்.

"எப்படி இருக்கிறேன்?" என்று கீழே பார்த்துக் கேட்டான்.

"சுரைக்காய் மாதிரி!" என்றாள் மருளி.

"மூச்சு விடும் சுரைக்காய்!" என்று சிரித்துவிட்டு, வாலழகன் கிளையை உலுக்கினான்.

நீதி: நன்றாக இருக்கும் நாளிலும் மருந்தைத் தவறாமல் எடுத்தால்தான், வேண்டிய நேரத்தில் மூச்சு கைகொடுக்கும்.