தொடக்கூடாத காரு

ஒரு ஊர்ல ஒரு காரு இருந்துச்சாம். ராசாவும் இல்ல, நரியும் இல்ல, காருதான். என்ன சிரிப்பு? காருக்குக் கதை இருக்கக் கூடாதா? ம் கொட்டு. நீ ம் கொட்டுனாத்தான் காரு நகரும், இல்லாட்டி நின்ன எடத்துலயே நிக்கும்.

ம்.

ஆங், நகந்துருச்சு. அந்தக் காரு என்ன நெறம் தெரியுமா? நல்லாப் பழுத்த நாவப்பழம் இருக்குல்ல, அந்த நெறம். கறுப்புன்னா கறுப்பு, ஊதான்னா ஊதா. அதுக்குச் சொந்தக்காரன் பேரு சங்கரபாண்டி. காராச்சேவுக் கடைக்காரன். முன்னால கடை, பின்னால வீடு. வீட்டுல அவன் பொண்டாட்டி இந்திராணி, அப்புறம் அவன் அக்கா பேராச்சி.

பேராச்சிக்குக் கண்ணு தெரியாது. சின்னப் பிள்ளையா இருக்கும்போதே போயிருச்சாம். ஆனா அவ கை இருக்கே, அது சாமானியப்பட்ட கை இல்ல. கடலைமாவைப் பிசைஞ்சு ஒரு அழுத்து அழுத்துவா, "இன்னும் ஒரு கை தண்ணி"ம்பா. ஊத்துனா சேவு மொறுமொறுன்னு வரும், ஊத்தலேன்னா கல்லா வரும். அம்மா இல்லாத தம்பியை வளத்ததும் அந்தக் கைதான். காய்ச்சலான்னு நெத்தியில கை வச்சுப் பாப்பா. சாப்பிட்டானான்னு வயித்தைத் தடவிப் பாப்பா. அவனுக்கு மீசை முளைச்சதை ஊருக்கு மொதல்ல சொன்னவளே அவதான். "ஏலே, மேலுதட்டுல என்னலே குத்துது?"ன்னு கேட்டா பாரு, கடையில நின்னவங்க எல்லாம் சிரிச்சிட்டாங்க.

அப்போ, காரு வந்துச்சா? தெருவே கூடிருச்சு. ஆளாளுக்குத் தொட்டுப் பாக்காங்க. ஒருத்தி கதவைத் தடவுறா, ஒருத்தன் பானெட்டைத் தட்டுறான், டொம் டொம்முன்னு. பேராச்சி மட்டும் அந்நேரம் மாவுல கையா இருந்தா. "கையைக் கழுவிட்டுச் சாயங்காலமாப் பாக்கேன்"னா.

கூட்டம் போனதும் சங்கரபாண்டி பாத்தான். பளபளன்னு இருந்த கதவு பூரா வெரலு வெரலா இருக்கு. அய்யய்யோன்னு அடிச்சுக்கிட்டான். அப்பவே சட்டம் போட்டுட்டான். "இனிமே என் காரை ஒருத்தரும் தொடக்கூடாது. கண்ணால பாத்துட்டுப் போங்க!"

கண்ணால பாக்கணுமாம்! பேராச்சி எதால பாப்பா? அது அந்த மடையனுக்குத் தோணவே இல்ல. அவளும் ஒண்ணும் கேக்கல. தம்பி கூப்பிட்டுக் காட்டுவான்னு இருந்துக்கிட்டா. சாயங்காலம் போச்சு, மறுநாள் போச்சு, அவன் கூப்பிடவே இல்ல.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

சரி. அது கரிசக்காட்டு ஊரு. காத்தடிச்சா காரு மேல புழுதி மாவு சலிச்ச மாதிரி இறங்கிரும். தெனம் விடிஞ்சதும் சங்கரபாண்டி மஞ்சத் துணியை எடுத்துக்கிட்டு வருவான். தண்ணி கிண்ணி ஒண்ணும் கிடையாது. வட்டம் வட்டமாத் துடைப்பான். சர்க்... சர்க்... சர்க்...

பின்னால இருந்து பேராச்சி கேப்பா. "தம்பி, அது என்னலே சத்தம்? கல்லு கிடக்குற அரிசியைத் தேய்க்கிற மாதிரி இருக்கு?"

"காரைத் துடைக்கேன்க்கா."

"புழுதி கிடக்குமேப்பா. தண்ணியை ஊத்திட்டுத் துடைக்கலாம்ல?"

"உனக்குத் தெரியாதுக்கா, நீ சும்மா இரு."

அவ சும்மா இருந்துக்கிட்டா. சர்க்... சர்க்... சர்க்...

அப்புறம் என்னாச்சு, மொதல்ல வந்துச்சு ஒரு காக்கா. காரு வேப்பமரத்தடியில நிக்குதா? மேல இருந்து சொத்! நேரா பானெட்டு நடுவுல. சங்கரபாண்டி மேல பாத்துக் கத்துனான், காக்கா கீழ பாத்துக் கத்துச்சு. காக்காதான் ஜெயிச்சுது. நீ சிரிக்காத, அந்த எச்சம் அப்படியே காஞ்சா பெயிண்டை அரிச்சுப்புடும். அதோட வேப்பம்பிசினு வேற சொட்டுச் சொட்டா ஒட்டிக்கிருச்சு. உடனே காரைக் கொண்டு போய் வெட்டவெளியில நிறுத்திட்டான்.

வெட்டவெளியில யாரு இருக்கா? சூரியன் இருக்கான். தகதகன்னு காஞ்சு, காரைத் தொட்டா கை சுடுது. வெயில்ல நெறம் வெளுத்துரும்னு யாரோ சொல்லிட்டாங்க. ஓடிப் போய் ஒரு டப்பா மெழுகு வாங்கிட்டு வந்தான். காருக்குப் போடுற மெழுகு, வழுவழுன்னு இருக்கும். அதை நிழல்ல, காரு குளுந்து கிடக்கும்போது, கொஞ்சமா எடுத்துத் தடவணும். இவன் என்ன பண்ணான்? "வெயில்ல போட்டா சீக்கிரம் காயும்ல"ன்னு உச்சி வெயில்ல டப்பாவுல பாதியை அப்பிட்டான். காஞ்சுது, நல்லாக் காஞ்சுது. கதவு, பானெட்டு, டாப்பு எல்லாம் வெள்ளை வெள்ளையாப் புடிச்சுக்கிட்டு வரமாட்டேங்குது. பொழுது சாயுற வரைக்கும் தேய்ச்சான். தேய் தேய்னு தேய்ச்சதுல அவன் தோள்பட்டை கழண்டு போச்சு, காரு மட்டும் மினுமினுன்னு ஆயிருச்சு. நல்லா மினுமினுத்துச்சு, அதைச் சொல்லணும்ல.

அந்த மினுமினுப்புலதான் வந்துச்சு வம்பு. அடுத்த வீட்டுச் சேவல் ஒண்ணு அந்தப் பக்கமா வந்துச்சு. கதவுக்குள்ள பாத்தா இன்னொரு சேவல்! "யாருடா நீ என் தெருவுல?"ன்னு இது கழுத்தைச் சிலுப்புச்சு. அதுவும் சிலுப்புச்சு. இது காலைத் தூக்குச்சு. அதுவும் தூக்குச்சு. விடுமா? டொக்! டொக் டொக்! டொக் டொக் டொக்!

சேவலுக்கு அடிபட்டுச்சா?

அதுக்கு ஒண்ணும் ஆகல, மூக்கு லேசா வலிச்சிருக்கும். கதவுலதான் பொட்டுப் பொட்டா விழுந்துருச்சு. சங்கரபாண்டி செருப்பைத் தூக்கிக்கிட்டுச் சேவலை விரட்ட, சேவல் ஓட, சேவல்காரி வந்து இவனை ஏச, பெரிய கூத்தாப் போச்சு. அன்னைக்குத்தான் ஒரு கவர் வாங்கிட்டு வந்து காரைத் தலையோட காலா மூடுனான். உள்ள புழுதி இருக்கான்னு கூடப் பாக்கல. காத்தடிக்கும்போதெல்லாம் அந்தக் கவரு பட பட படன்னு காரு மேல அடிச்சு அடிச்சுத் தேய்ச்சுக்கிட்டே கிடந்துச்சு.

இந்திராணி சொன்னா, "நல்ல காரு வாங்கினீங்க. மூட்டை கட்டி வச்சிருக்கீங்க."

"உனக்கு என்ன தெரியும்?"னான். அவன் நெனப்புல வேற யாருக்குமே ஒண்ணும் தெரியாது, அவனுக்குத்தான் எல்லாம் தெரியும்.

ம் எங்க? கண்ணு சொருகுது. இன்னும் கொஞ்சந்தான், இதைக் கேட்டுட்டுத் தூங்கு.

கோவில்பட்டியில ஒரு கல்யாணம். இவங்க பெரியப்பா மகனுக்கு. மூணு பேரும் கார்லயே போறதுன்னு முடிவாச்சு. பேராச்சிக்கு சந்தோசம்னா சந்தோசம். மொதல் தடவை அந்தக் கார்ல ஏறப் போறா. அரக்குப் பட்டுச்சேலையை எடுத்து உடுத்திக்கிட்டா. தலைக்குக் குளிச்சு, கையை ஒருவாட்டிக்கு ரெண்டுவாட்டி சோப்புப் போட்டுக் கழுவுனா. சேவு மசாலா வாசம் கையில இருக்கக் கூடாதாம், தம்பி காரு புதுக் காரு பாரு.

சங்கரபாண்டி கவரை உருவிட்டு, டிக்கியைத் திறந்து கவரை மடிச்சு வச்சுக்கிட்டு இருந்தான். பேராச்சி மெதுவா நடந்து வந்தா. வந்து கையை நீட்டுனா. பானெட்டு மேல, விரிச்ச கையை அப்படியே வச்சா. அவ முகத்துல சிரிப்பு வந்துருச்சு. "அட"ன்னா, அவ்வளவுதான் சொன்னா.

"கையை எடு!"

பின்னால இருந்து கத்திட்டான். யாருன்னுகூடப் பாக்கல, கை மட்டுந்தான் தெரிஞ்சுது அவனுக்கு. கத்துன பெறகுதான் முகத்தைப் பாத்தான்.

பேராச்சி கையை எடுத்துட்டா. எடுத்த கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டா. "சரிப்பா"ன்னா. அப்புறம், "மாவு அப்படியே கிடக்கு. நீங்க போயிட்டு வாங்க"ன்னு திரும்பி நடந்தா. மாவு ஒண்ணும் கிடக்கல. அது எல்லாருக்கும் தெரியும்.

இந்திராணி தலையில வச்ச பூவைக் கழட்டிட்டா. "மதினி வரலேன்னா நானும் வரல. நீங்களும் உங்க காரும் போயிட்டு வாங்க."

போனான். அம்புட்டுப் பெரிய கார்ல ஒத்தையாப் போனான்.

மண்டபத்துல எல்லாரும் என்ன கேட்டாங்க? "காரு எப்படிப்பா?"ன்னு கேப்பாங்கன்னு நெனச்சுத்தான் போனான். ஒருத்தன் கேக்கல. "அக்கா எங்கப்பா?" பந்தியில கேட்டாங்க. "அக்கா வரலியா?" மேடையில கேட்டாங்க. மாப்பிள்ளையே கேட்டுட்டான், "பேராச்சி அக்கா கை வச்சு ஆசீர்வாதம் பண்ணும்னு இருந்தேனேண்ணே." இவனுக்குச் சோறு இறங்கல. பாயாசங்கூட இறங்கலன்னா பாத்துக்க.

சாயங்காலம் கிளம்பக் காருகிட்ட வந்தான். அப்போ வெயிலு சாஞ்சு, பக்கவாட்டுல வந்து பானெட்டு மேல விழுந்துச்சு. சங்கரபாண்டி குனிஞ்சு பாத்தான். பாத்தா, காரு பூரா மெல்லிசு மெல்லிசாக் கீறலு! வட்டம் வட்டமா, சிலந்தி வலை பின்னுன மாதிரி. காக்காவா கீறுச்சு? இல்ல. சேவல் கொத்துனது கதவுல நாலு பொட்டு, அவ்வளவுதான். இது வட்டம். தெனம் யாரு வட்டம் வட்டமாத் துடைச்சது?

ம்... அவன்.

ஆமா, அவனேதான். புழுதியை வச்சே தேய்ச்சிருக்கான். சர்க் சர்க்னு கேட்டுச்சே, அது அந்தக் கல்லுதான். அக்கா அன்னைக்கே சொன்னா. அப்புறம் தேடித் தேடிப் பாத்தான், காலையில அக்கா கை வச்ச எடம் எதுன்னு. அங்க ஒரு கீறலும் புதுசா இல்ல. கழுவுன கை, என்ன பண்ணும்? காலையில லேசா ஒரு கை அடையாளம் மட்டும் பதிஞ்சிருக்கும். அதையும் அவன் கிளம்பும்போதே துடைச்சுட்டுல்ல வந்திருக்கான்! அந்த எடத்துல நின்னு அழுதுட்டான் மனுசன். கல்யாண வீட்டு வாசல்ல, சேவுக்கடை முதலாளி, தேம்பித் தேம்பி.

மறுநாள் விடியும்போதே எழுந்தான். காரை நிழலுக்குக் கொண்டு வந்தான், மரத்தடி இல்ல, செவத்தோர நிழலு. மொதல்ல தண்ணியை மேல இருந்து ஊத்துனான், சலசலன்னு புழுதி தானா ஓடிருச்சு. அப்புறம் சோப்புத் தண்ணி ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி. மெத்துமெத்துன்னு துணி. அழுத்தல, சும்மா வழிச்சு விட்டான். சத்தமே இல்ல. அப்புறம் கீறலெடுக்கிற பாலிஷைப் போட்டுப் பொறுமையாத் தேய்ச்சான். அதுக்கப்புறம்? நல்லா வந்துருச்சா வரலியான்னு அவனுக்குத் தெரியல. நிழல்ல கண்ணுக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது.

பின்னால போனான். பேராச்சி மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தா. "அக்கா, செத்த வாக்கா."

"கை மாவா இருக்குப்பா."

"கழுவிட்டு வாக்கா."

"தொடக்கூடாதுன்னியே."

சங்கரபாண்டி பக்கத்துல உக்காந்துட்டான். "நான் கேனப்பயக்கா. ஊருக்கெல்லாம் காட்டுனேன், உனக்குக் காட்டல. அன்னைக்கு அப்படிக் கத்திருக்கக் கூடாது. நீ பாக்காத காரு எனக்கு எதுக்கு?"

பேராச்சி உடனே எந்திரிக்கல. மாவை இன்னும் ரெண்டு பிசை பிசைஞ்சா. கோவம் இருக்கும்ல? அப்புறம் கையை நீட்டுனா, "தண்ணி ஊத்து"ன்னு.

கூட்டிக்கிட்டு வந்தான். அவ பானெட்டுல ஆரம்பிச்சு ஒரு எடம் விடல. "இது தலையா?" "ஆமாக்கா." "இது கண்ணு." "லைட்டுக்கா." கதவு கதவாப் போனா. "இங்க நிறுத்து, சொரசொரங்குது." பாத்தா, வேப்பம்பிசினு. கண்ணுக்கே தெரியல, அவ வெரலுக்குத் தெரிஞ்சுது. அவன் அதை எடுத்தான். "இப்ப?" "ம்." "இங்க?" "ம்." உன்னை மாதிரியே ம் கொட்டிக்கிட்டே காரைச் சுத்தி வந்தா.

"என்ன நெறம்லே?"

"நாவப்பழ நெறம்க்கா."

பேராச்சி இன்னொருவாட்டி தடவிப் பாத்தா. குளுந்து போய், வழவழன்னு இருந்துச்சு. "ஆமா"ன்னா. "கழுவுன நாவப்பழந்தான்."

அப்புறம் ரெண்டு பேருமாச் சேந்து மெழுகு போட்டாங்க. கொஞ்சமா, நெய்யி தடவுற மாதிரி. சுத்தி வந்த களைப்புல பேராச்சி பானெட்டு மேல ஒரு கையை ஊனி நின்னா. மெழுகு காஞ்சதும் சங்கரபாண்டி காரு பூரா துடைச்சான், தகதகன்னு ஆச்சு. அந்தக் கை ஊனுன எடத்தை மட்டும் விட்டுட்டான். அஞ்சு வெரலும் உள்ளங்கையும் அப்படியே இருந்துச்சு.

அப்போ, அக்காவை முன் சீட்டுல உக்கார வச்சு, இந்திராணியைப் பின்னால உக்கார வச்சு, கோவில்பட்டிக்கு விட்டான் காரை, மாப்பிள்ளை வீட்டு விருந்துக்கு. புர்ர்ர்ருன்னு போச்சு. வழியெல்லாம் புழுதி. பறந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டான்.

அங்க போய் இறங்குனா, புது மாப்பிள்ளை ஓடி வந்தான். "என்னண்ணே, இம்புட்டுப் பளபளப்புல யாரோ கையை வச்சிட்டாங்களே"ன்னு தோள்துண்டை எடுத்துத் துடைக்கப் போனான்.

சங்கரபாண்டி போட்டான் பாரு ஒரு சத்தம்: "கையை எடு!"

தெருவே திரும்பிப் பாத்துச்சு. மாப்பிள்ளை துண்டோட அப்படியே நின்னுட்டான். முன் சீட்டுல இருந்த பேராச்சிக்கு மட்டும் சிரிப்பு தாங்கல.

ம்... ம்...

ம் நின்னு போச்சு. சரி, காரும் நின்னுருச்சு, வீடு வந்துருச்சு, வெளக்கையும் அணைச்சாச்சு. கையைக் குடு, என் கையில வச்சுக்கிட்டுத் தூங்கு.