மூன்று லென்ஸும் ஒரு நத்தம் பஸ்ஸும்

ஒரு விடுகதை போடுகிறேன். அவிழ்த்துவிட்டு மேலே வாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் ஓர் இருட்டறை. அதன் கதவு திறப்பதும் மூடுவதும் ஒரு கண்சிமிட்டலுக்குள் முடிந்துவிடும். அதற்குள் ஓட்டுநர், நடத்துநர், ஐம்பது பயணிகளோடு ஒரு பஸ் முழுசாக உள்ளே போய் நின்றுவிடும். அது என்ன?

கேமராதான். அதிலும் செவ்வந்தி அன்று கையில் வைத்திருந்தது, ஃபிலிம் சுருள் போட்டு எடுக்கிற, இரும்புக்கட்டி மாதிரி கனக்கிற பழைய கேமரா.

செவ்வந்திக்குப் பன்னிரண்டு வயது. திண்டுக்கல்லில், பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு நூலக மாடியில், சனிக்கிழமைதோறும் ஷம்ஷாத் நடத்திய புகைப்பட வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஷம்ஷாத் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவள். இருபத்தேழு வயதுதான் என்பதால் பிள்ளைகள் அக்கா என்றே கூப்பிட்டார்கள். வகுப்புக்கு இருந்தது ஒரே கேமரா. வாரம் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆனால் ஒரு லென்ஸோடுதான். வெளியே வைத்து லென்ஸ் மாற்றினால் தூசி புகும் என்று அக்கா போட்ட சட்டம் அது.

இந்த வாரம் செவ்வந்தியின் முறை. மறுநாள் காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பும் நத்தம் பஸ்ஸை அவள் அம்மா மரகதம் ஓட்டப் போகிறாள். பயிற்சியெல்லாம் முடிந்து, பக்கத்தில் நின்று யாரும் சொல்லித் தராமல், அம்மா தனியாக ஓட்டும் முதல் பஸ். சுருளில் மிச்சம் இருந்ததோ மூன்றே படம். தவறவிட்டால் அம்மாவுக்கு இன்னொரு முதல் நாள் வராது.

அக்கா மேசைமேல் மூன்று லென்ஸ்களை வைத்தாள். மூன்றும் ஐம்பது மில்லிமீட்டர். எதையும் இழுத்துக் கிட்டே கொண்டுவராமல், தள்ளித் தூரமாக்காமல், நம் கண்ணுக்குப் படுகிற மாதிரியே படம் பிடிப்பவை. பெரியது தடித்திருந்தது; அதன் முன்கண்ணாடி ஊதாவாக மின்னியது. மங்கல் வெளிச்சத்திலும் படம் தரக்கூடியது. நடுவில் இருந்தது சாதாரணமானது. சின்னது சட்டைப்பைக்குள் போகிற அளவுக்கு உள்ளே அமுங்கிக்கொள்ளும். படம் எடுக்குமுன் மறக்காமல் வெளியே இழுக்க வேண்டும்.

“இதுல எதுக்கா நல்லது?”

“மாட்டிப் பாரு. பாத்துட்டு நீயே சொல்லு.”

செவ்வந்தி பெரியதை மாட்டினாள். கேமராவின் மூலையில் இருந்த சின்ன ஜன்னலில் கண்ணை வைத்து, எதிர்ப்பக்கம் நின்ற ஒரு பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்த்தாள். கழுவித் துடைத்த மாதிரி இருக்கிறது என்றாள். நடுவில் இருந்ததை மாட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் மங்கல் என்றாள். சின்னதை மாட்டியதும் மூக்கைச் சுளித்தாள்.

“புகை புகையாத் தெரியுதுக்கா. இது வேண்டாம்.”

“அப்படியா. கேமராவ அப்படியே திருப்பிப் பாரு.”

திருப்பினாள். சின்ன லென்ஸின் கறுப்பு மூடி கழற்றாமல் அப்படியே இருந்தது.

ஷம்ஷாத் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு சொன்னாள்: இந்த ரகக் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை. நாம் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் உள்ளே போகிற வழி வேறு. எந்த லென்ஸை மாட்டினாலும், மூடியோடு மாட்டினாலும், ஜன்னல் கண்ணாடி ஒன்றுதான். அவளே தன் முதல் சுருளை மூடி கழற்றாமல் கடைசிப் படம் வரை எடுத்தவள். அது அவள் மாமாவின் நிக்காஹ். மாமா இன்றைக்கும் விருந்துக்கு வந்தால் அதைச் சொல்லிக்காட்டாமல் பிரியாணியில் கை வைப்பதில்லையாம்.

செவ்வந்திக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

“ஆனா எனக்கு வித்தியாசம் தெரிஞ்சுதேக்கா.”

“தெரியும்டி. வரும்போதே பெருசு மேல கண்ணு வச்சுட்டுல்ல வந்த.”

அப்படியானால் எதை வைத்துத்தான் லென்ஸ் எடுப்பது என்று செவ்வந்தி கேட்டாள். நாளைக்கு எங்கே நிற்கப் போகிறாய் என்று அக்கா திருப்பிக் கேட்டாள். ஒரு வாரமாக லென்ஸையே நினைத்துக்கொண்டிருந்ததில், நிற்கிற இடத்தை அவள் யோசிக்கவே இல்லை.

“வா, கீழ போய்ப் பாப்போம்.”

கீழே போகும்போதும் செவ்வந்தி பெரிய லென்ஸைத்தான் மாட்டிக்கொண்டாள்.

பஸ்கள் வெளியேறும் வாசலில் இருவரும் அரை மணி நேரம் நின்றார்கள். கேமராவைத் தூக்கக் கூடாது, சும்மா பார் என்று அக்கா சொல்லியிருந்தாள். ஏழாவது பஸ் போகும்போது செவ்வந்தி கண்டுபிடித்துவிட்டாள். சாலையில் திரும்புமுன் ஒவ்வொரு பஸ்ஸும் வாசலில் ஒரு மூச்சு நேரம் நிற்கிறது. ஓட்டுநர் தன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்க்கிறார், கடைசியாக ஓடி வருகிறவருக்காக. அந்த நேரத்தில் அவர் முகத்தில் வெளிச்சம் விழுகிறது. ஜூஸ் கடைத் தூணோரம் நின்றால் அந்த முகம் நாலே எட்டில் இருக்கிறது.

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “இங்கதான்க்கா. இந்தத் தூணுதான்.”

இப்போது கேமராவைத் தூக்கு என்றாள் அக்கா. ஜன்னலுக்குள் வெள்ளைக் கோட்டால் ஒரு சட்டம் தெரிந்தது. கோட்டுக்கு வெளியிலும் தெரு தெரிந்ததால், பஸ் சட்டத்துக்குள் நுழையுமுன்பே அது வருவதைப் பார்க்க முடிந்தது. லென்ஸை மெல்லத் திருகினாள். இரண்டாகத் தெரிந்த ஓட்டுநர் முகம் நகர்ந்து நகர்ந்து ஒன்றானது; ஃபோகஸ் சரியாகிவிட்டது. பிறகுதான் கவனித்தாள்.

“அக்கா, கீழ வலது பக்கம் ஒரு மூலை மட்டும் கறுப்பா இருக்கு.”

“அது பெரிய லென்ஸோட உடம்பு. ஜன்னலுக்கு முன்னாடி வந்து நிக்குது. அந்த மூலைல நாளைக்கு என்ன வரும்?”

செவ்வந்தி கணக்குப் போட்டாள். பஸ்ஸின் முன்பக்கம் வலது பக்கம் இருக்கும். அப்படியானால் கீழே முன்சக்கரம். அவள் குரல் இறங்கிவிட்டது.

“எங்கப்பா வருவாருக்கா, சக்கரத்தடியில எலுமிச்சம்பழம் வைக்க.”

அப்பா சைக்கிள் கடை வைத்திருப்பவர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் அட்டையில் வரைந்த சாலைக் குறிகளைத் தூக்கிக் காட்டி அம்மாவைப் பரீட்சைக்குத் தயார் செய்தவர். முதல் ஓட்டத்தில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும், அதைத் தான்தான் வைப்பேன், இந்த வாசலில்தான் வைப்பேன் என்று நடத்துநரிடம் சொல்லிவைத்திருக்கிறார். ஒன்று உருண்டு ஓடிவிட்டால் என்ன செய்வது என்று மூன்று பழம் வாங்கி வைத்திருக்கிறார்.

“அப்ப படத்துல அப்பா வர மாட்டாராக்கா?”

“வருவாரு. ஜன்னலைத்தான் மறைக்குது. ஃபிலிம்ல முழுசா விழுவாரு.”

“அப்பப் பெருசே இருக்கட்டும்க்கா. காலைல வெளிச்சம் கம்மியா இருக்கும். சாதாரணத்துல கை கொஞ்சம் ஆடுனாலும் அம்மா முகம் கலங்கிப் போயிரும்.”

“இருக்கட்டும். பெருசுல படம் நல்லா வரும்.”

“அப்புறம் ஏன்க்கா ஒரு மாதிரி சொல்றீங்க?”

“அப்பா குனிஞ்சு பழம் வைக்கிறதப் படத்துல எல்லாரும் பாப்பாங்க. நாளைக்கு இங்க நிக்கிற நீ பாக்க மாட்ட. அவ்வளவுதான்.”

இருவரும் சாலையைக் கடந்து மாடி ஏறினார்கள். செவ்வந்தி பெரிய லென்ஸைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நடுவில் இருந்ததை மாட்டி, ஜன்னலின் நாலு மூலையும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.