பாட்டு அறுந்த இடம்

கவனமாகக் கேளுங்கள். முடிவில் தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான்.

பெரம்பூரில் ஒரு மாவு மில்லின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இருபது பேர் கூடுவார்கள். எல்லோரும் 'கரும்புகை' என்ற ராக் இசைக்குழுவின் பழைய ரசிகர்கள். எழுபதுகளில் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த நான்கு பேர் சேர்ந்து தொடங்கிய குழு அது. கிட்டார் உறுமும், டிரம்ஸ் அடிக்கு நெஞ்சு அதிரும். எண்பத்தைந்தில் அதே குழு 'பஞ்சுமிட்டாய்' என்று ஒரு கேசட் போட்டது. கிட்டாரை ஓரங்கட்டிவிட்டு, கீபோர்டும் கைதட்டல் மெஷினும் வைத்து, சின்னப்பிள்ளைகூட முணுமுணுக்கிற மெட்டுகள். கேசட் விற்கவில்லை. அதைப் பற்றிய சண்டை மட்டும் நாற்பது வருடமாக ஓயவில்லை.

மாடியில் அந்தக் கேசட்டுக்காகப் பேச மிஞ்சியிருந்தவள் மனோரஞ்சிதம் ஒருத்தி. பிளவுஸ் தைப்பவள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பஞ்சுமிட்டாய் ஓடாத நாள் கிடையாது. அவளிடம் இருந்தது அசல் கேசட் இல்லை. பதினேழு வயதில், ஜெபமணி நடத்திய ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கியது. மற்றவர்கள் சீட்டில் எழுதிக்கொடுத்து, அதில் ஒரு பாட்டு, இதில் ஒரு பாட்டு என்று கலந்து வாங்குவார்கள். முழுக் கேசட்டையும் பதியச் சொன்னவள் அவள்தான். ஆனால் கடைசிப் பாட்டு முடிவதற்கு முன்பே சட்டென்று அறுந்துவிடும். "டேப் தீந்துபோச்சும்மா" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார் ஜெபமணி. பாட்டு அறுந்த பிறகு ஐந்து நிமிடம் வெறும் இரைச்சல் ஓடும். அதற்குள் அவள் ஒரு பிளவுஸுக்குக் கொக்கி வைத்து முடித்துவிடுவாள்.

ரயில் நிலையத்தில் ஒருத்தி ஒருவனுக்காகக் காத்திருக்கிற பாட்டு அது. அறுந்துபோன மிச்சத்தில் அவன் வந்துவிடுவான் என்று அவளாகவே முடிவு கட்டி வைத்திருந்தாள்.

ரசிகர் சங்கத்துக்குத் தலைவர் சடகோபன். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் படியேறும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"வாம்மா மிட்டாய்க்காரி! வாயெல்லாம் ரோஸ் கலரா இருக்கே, இப்பத்தான் கேட்டுட்டு வர்றியா?"

மாடியே சிரிக்கும்.

"முதல் பாட்டு பாதி ஓடறதுக்குள்ள கேசட்டை உருவிக் கால்வாயில வீசினவன் நான். அந்தக் கண்றாவியக் கேக்கிறவங்களும் ரசிகர்னா, ஐஸ் வண்டி மணியையும் ராக்னு ஒத்துக்கணும்."

ஜெபமணியும் அங்கேதான் இருப்பார். சிரிக்கமாட்டார், அவளுக்காக ஒரு வார்த்தை பேசவும் மாட்டார். இப்படிப் பதினைந்து வருடம். தானும் ரசிகைதான் என்று அந்த மாடியில் ஒரே ஒரு முறை யாராவது சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

குழுவில் உயிரோடு எஞ்சியிருந்தவர் பாடகர் கிளமெண்ட். மகனோடு வெளிநாட்டுக்குப் போகிற அவர், தன் கிட்டாரை ஒரு நல்ல ரசிகரிடம் கொடுத்துவிட்டுப் போக ஒரு ஞாயிறு அங்கே வந்தார். சடகோபன், ஜெபமணி, மனோரஞ்சிதம் மூவரும் கை தூக்கினார்கள்.

"ஒரு பாட்டு சொல்றேன். கடைசி வரி வரைக்கும் பாடறவங்களுக்குக் கிட்டார்" என்றார் கிளமெண்ட். கண்ணைச் சுருக்கிச் சிரித்தார். "பஞ்சுமிட்டாய்ல கடைசிப் பாட்டு."

"சார், அந்தக் குப்பையா?" என்று அலறினார் சடகோபன்.

"குப்பைதான். போட்ட எங்களுக்குத் தெரியாதா?"

ஜெபமணியின் முகம் மாறிவிட்டது. "எனக்கு ஞாபகமில்ல சார், நான் விலகிக்கிறேன்." பிறகு மெதுவாக, "நீயும் விட்டுடும்மா" என்றார்.

"நான் ஏண்ணே விடணும்?" என்று எழுந்து நின்றாள் மனோரஞ்சிதம்.

பாடினாள். ஒரு சொல் பிசகவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அறுந்த இடம் வந்ததும் நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றார் கிளமெண்ட்.

"எனக்கு இவ்வளவுதான் சார் தெரியும். என் கேசட்ல இங்கேயே அறுந்துடும். அப்புறம் அவன் வந்துடுவான்னு நினைக்கிறேன்."

கிளமெண்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வந்துடுவானா!"

சடகோபனுக்கு வாய் பொறுக்கவில்லை. எங்கே இரண்டு கைதட்டல், எங்கே மூன்று என்பதுகூடத் தப்பாமல் தட்டிக்கொண்டு, மிச்சச் சரணத்தைப் பாடி முடித்தார்:

"தகரத்தைத் தட்டினாலும் தலையாட்டும் கூட்டமே,
காசு தந்த உனக்காகக் கழிசடையைப் பாடினேன்."

மெட்டு என்னவோ அதே தேன் மெட்டுதான்.

"கம்பெனிக்காரன் இப்படித்தான் பாடணும்னு கழுத்தைப் பிடிச்சான்" என்றார் கிளமெண்ட். "அந்த ஆத்திரத்தில, வாங்கறவங்களத் திட்டியே வித்தோம்."

"தலைவரே, கேசட்டக் கால்வாயில போட்டதா சொன்னீங்க?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். சடகோபன் காதில் வாங்காமல் கிட்டாருக்குக் கை நீட்டினார்.

மனோரஞ்சிதம் ஜெபமணியிடம் திரும்பினாள். "அன்னிக்கு டேப் தீந்துதானே போச்சுண்ணே?"

"தீந்துதாம்மா போச்சு" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

இப்போது சொல்லுங்கள்: வெறுப்பதாகச் சொல்லிக்கொண்டு கடைசி வரியைப் பாடி முடித்தவர், ஞாபகமில்லை என்று விலகியவர், தெரிந்தவரை பாடி நின்றவள், இந்த மூவரில் கிட்டார் யாருக்குச் சேர வேண்டும்? அவளுக்குப் பெரிய கொடுமை செய்தது யார்?

விடை: கிட்டார் சடகோபனுக்குத்தான். கிளமெண்ட் கேட்டது கடைசி வரியை. அதைக் கொடுத்தவர் அவர். கைதட்டல் எண்ணிக்கைவரை மனப்பாடம் என்றால், கேசட் கால்வாய்க்குப் போகவே இல்லை, வீட்டில் ஒளிந்து ஓடியிருக்கிறது. கொடுமையில் பெரியது ஜெபமணியுடையது. டேப் தீர்ந்திருந்தால் ஐந்து நிமிட இரைச்சல் எங்கிருந்து வரும்? வசவைக் கேட்டதும் அவரே நிறுத்தியிருக்கிறார். பதினேழு வயதுப் பெண்ணின் மனம் நோகக்கூடாதென்று செய்தது அன்றைக்குச் சரி. அந்தக் கேசட்டுக்காகவே அவள் பதினைந்து வருடம் ஏச்சு வாங்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாரே, அதை எதில் சேர்ப்பது? மறுநாளும் மனோரஞ்சிதம் தைக்க உட்கார்ந்தாள்; கேசட்டும் ஓடியது. பாட்டு அறுந்ததும், இரைச்சல் தொடங்குமுன் கையை நீட்டி அவளே நிறுத்தினாள்.