குதூகலக் குன்றும் ஐந்து நீர்நாய்களும்

மூங்கில்காட்டு ஓடையில் ஒரு நீர்நாய்க் குடும்பம் இருந்தது. அப்பா கெண்டையப்பன், அம்மா கயலி, மூத்தவள் குமிழி, நடுப்பிள்ளை துள்ளி, கடைக்குட்டி மொட்டு. மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்ததும், ஆண்டுக்கு ஒருமுறை ஐந்தும் குதூகலக் குன்றுக்குப் போய்வரும்.

அந்தக் குன்று அரைநாள் நடை தூரத்தில் இருந்தது. அங்கே ஒரு விழுது ஊஞ்சலும் ஓர் உயரமான வழுக்குப்பாறையும் உண்டு. உச்சியில் உட்கார்ந்து பிடியை விட்டால், சர்ரென்று இறங்கிக் கீழே குளத்தில் விழலாம். நெட்டைவாலன் என்ற கருங்குரங்கு அதைச் சுற்றி முள்வேலி போட்டு நடத்திவந்தது. உள்ளே போக உலர்ந்த அத்திப்பழச் சரம் கொடுக்க வேண்டும். நாணல் நாரில் பத்துப் பழம் கோத்தால் ஒரு சரம்.

நீர்நாய்க்கு மரம் ஏற வராது. ஓடையில் விழுந்து மிதந்து வரும் பழங்களை நீந்திப் பிடித்துத்தான் சேர்க்க வேண்டும். பிறகு பாறையில் காயவைக்க வேண்டும். மைனாவும் அணிலும் கொத்திக்கொண்டு போகாமல் காவல் இருக்க வேண்டும். மீன் பிடிக்கும் நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் கயலிக்கு இதே வேலைதான். அந்த வீட்டில் யாரும் ஒரு பழத்தைக்கூட வாயில் வைத்துப் பார்த்ததில்லை.

முதலில் தலைக்கு அரைச் சரம் கேட்ட நெட்டைவாலன், பிறகு ஒரு சரம் கேட்டது. போன ஆண்டு இரண்டு சரமாக்கியது. அதையும் எல்லாரும் கொடுத்தார்கள்.

போன ஆண்டு மொட்டுக்கு மட்டும் சரம் வாங்கவில்லை. வாசலில் ஒரு மூங்கில் நட்டு, அதில் கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டைத் தொடாத குட்டிகள் வழுக்குப்பாறையில் ஏறக் கூடாது. மொட்டு நாள் முழுக்கக் குளக்கரையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் வழுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டது:

"அடுத்த வருஷம் நான் வளர்ந்துடுவேன்லம்மா?"

"கட்டாயம் வளர்ந்துடுவ. அடுத்த வருஷம் நீதான் முதல்ல வழுக்கப்போற" என்று வாக்குக் கொடுத்தது கயலி.

நண்டு தின்றால் உயரம் கூடும் என்று துள்ளி விளையாட்டுக்குச் சொல்லிவைத்தது. மொட்டு ஆண்டு முழுக்க மீனை ஒதுக்கிவிட்டு நண்டாகத் தின்றது. உண்மையிலேயே உயர்ந்தும்விட்டது.

கயலி பத்துச் சரம் சேர்த்துவிட்டது. தலைக்கு இரண்டு, ஐந்து பேருக்குப் பத்து. கிளம்பும் காலையில் பக்கத்து நாணல் புதரிலிருந்து செம்மூக்கி என்ற நீர்க்கோழி தலையை நீட்டியது.

"என்ன கயலி, இன்னும் போகலையா? நாங்க போன வாரமே போயிட்டு வந்துட்டோம். கூட ஒரு சரம் கொடுத்தா முன்வரிசையாம். நிக்கவே வேண்டாம்."

"இதோ கிளம்பிட்டோம் அக்கா."

"சீக்கிரம் போ. குன்றுக்குப் போகாத குட்டின்னா மத்த குட்டிங்க ஒரு மாதிரிதான் பார்க்குதுங்க."

அந்தப் பேச்சு கயலியின் மனத்தில் முள்ளாகக் குத்தியது. 'என் குட்டிகளை யாரும் அப்படிப் பார்க்கக் கூடாது' என்று நினைத்தபடியே சரங்களைக் கழுத்தில் மாட்டிக்கொண்டது.

உச்சிவேளைக்கு முன்பே குன்றை அடைந்துவிட்டார்கள். வாசலில் நீண்ட வரிசை. காட்டுப்பன்றிகள், முயல்கள், நரிகள். ஒருவழியாக இவர்கள் முறை வந்தது. மொட்டு ஓடிப்போய் மூங்கிலை ஒட்டி நிமிர்ந்து நின்றது. அதன் காது கோட்டுக்கு மேலே தெரிந்தது.

"குட்டி தேறிடுச்சு" என்றது கிளையில் உட்கார்ந்திருந்த நெட்டைவாலன். "அப்போ அதுக்கும் முழு விலைதான். தலைக்கு மூணு சரம்."

கயலி கழுத்துச் சரங்களைத் தடவிப் பார்த்தது. "போன வருஷம் ரெண்டுதானே அண்ணே?"

"அது போன வருஷம். அதுவும் இது பௌர்ணமி வாரம். கூட்டம் வர்ற வாரத்துக்குத் தனி விலை."

"எங்ககிட்ட பத்துதான் இருக்கு."

"மூணு பேர் உள்ள போங்க. மிஞ்சுற ஒரு சரத்துக்கு மத்த ரெண்டு பேர் வெளியில நிழல்ல உட்கார்ந்துக்கலாம்."

"நிழலுக்குமா சரம்?" என்று கேட்டது கெண்டையப்பன்.

"வெயில் இலவசம்" என்றது நெட்டைவாலன்.

பின்னால் நின்ற பன்றிகள் உறுமத் தொடங்கின. குடும்பம் வேலியோரமாக ஒதுங்கியது.

"சின்னக் குட்டியோட பெரியவங்க ஒருத்தர் போகணுமாம். கயலி, நீ மொட்டைக் கூட்டிக்கிட்டுப் போ. நான் வெளியில இருக்கேன். குமிழி, துள்ளி, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் போங்க" என்றது கெண்டையப்பன்.

"நான்தான் போகணும். போன தடவை அக்கா பாதியிலயே என்னைப் பிடிச்சுத் தள்ளிவிட்டுட்டா. நான் ஒழுங்கா வழுக்கவே இல்ல" என்றது துள்ளி.

"யாரு தள்ளினா? நீ பயந்துபோய் என் வாலைப் பிடிச்ச. இன்னும் வலிக்குது எனக்கு" என்றது குமிழி.

"வாலே உனக்கு அவ்வளவு பெருசு இல்ல!"

இருவரும் கட்டிப் புரளத் தொடங்கினார்கள். மொட்டு அம்மாவின் காலோடு ஒட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னது:

"நான் வேணா இன்னும் ஒரு வருஷம் வளராம இருக்கேன்ம்மா."

சண்டை நின்றுவிட்டது. கயலி குனிந்து மொட்டின் தலையை நக்கிக் கொடுத்தது.

அதற்குள் நெட்டைவாலன் கிளைவிட்டுக் கிளை தாவி அருகில் வந்தது. குரலைத் தாழ்த்தியது.

"கெண்டையப்பா, உனக்காக ஒண்ணு செய்யறேன். பாறை கொஞ்சம் காய்ஞ்சு கிடக்கு. முதுகு தேயுதுன்னு பன்றிங்க புகார் சொல்லுது. நீ இந்த வாரம் இங்கயே தங்கி, தினமும் விடியக்காலையில ஈர உடம்போட இருபது தடவை வழுக்கி இறங்கு. உன் நுழைவை நான் விட்டுடறேன்."

"நான் எதுக்கு? உங்க ஆளுங்களே இறங்கலாமே."

"எங்க முடி பாறையில ஒட்டிக்கும். பன்றி இறங்கினா சேறு. உங்க நீர்நாய் உடம்பு ஏறி இறங்கினாத்தான்யா பாறை வழவழன்னு ஆகுது. இந்த வருஷம் உங்க இனம் அதிகம் வரல. அதான் சிக்கல்."

கயலி தலையைத் தூக்கியது. "அப்போ இத்தனை வருஷமா அந்தப் பாறையை வழுக்கவெச்சது நாங்கதானா?"

நெட்டைவாலன் உதட்டைக் கடித்துக்கொண்டது. "அப்படிச் சொல்ல முடியாது. பாறையும் நல்ல பாறைதான்."

"நாங்களே சரமும் கொடுத்து, நாங்களே வழுக்கலும் கொடுத்திருக்கோம்" என்றது கயலி. அதற்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. சரங்களைச் சரிசெய்து கழுத்தில் போட்டுக்கொண்டது. "வாங்க, போகலாம்."

"எங்கம்மா?" என்றது துள்ளி.

"தெரியல. முதல்ல இந்தப் பழத்தைத் தின்னுட்டு யோசிப்போம்."

வந்த வழியே நடந்தார்கள். "ஊர்ல கேட்டா என்னம்மா சொல்றது?" என்று குமிழி கேட்டது. கயலியும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தது.

பாதி வழியில் ஓடை வளையும் இடம் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் செங்குத்தான களிமண் கரை. அதன் அடியில் தெளிந்த மடு. ஆண்டுதோறும் இந்த இடத்தைத் தாண்டித்தான் போவார்கள். ஆனால் வரிசையில் இடம் பிடிக்கும் அவசரத்தில் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். திரும்பும்போது களைப்பில் தலை நிமிராமல் நடப்பார்கள். இன்றைக்கு அவசரம் எதுவும் இல்லை. ஐந்தும் நாவல் மர நிழலில் உட்கார்ந்தன. கயலி ஒரு சரத்தை அவிழ்த்து ஆளுக்கு இரண்டு பழம் கொடுத்தது.

"இது இவ்வளவு இனிப்பா?" என்றது கெண்டையப்பன். "இத்தனை வருஷமா அந்தக் குரங்கா இதைத் தின்னுச்சு?"

கயலி கரையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து மடுவில் குதித்தது. அடியில் கிடந்த இரண்டு கூரான கற்களைப் புரட்டி ஓரமாக ஒதுக்கியது. முழுகி ஆழம் பார்த்தது. நனைந்த உடம்போடு கரைமேல் ஏறி, வயிற்றைத் தரையில் வைத்துப் பிடியை விட்டது.

பாதி தூரம்தான் வந்தது. களிமண் காய்ந்திருந்ததால் அப்படியே நின்றுவிட்டது. மூக்கு நிறைய மண்.

குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. "அம்மா, நீங்க வழுக்கறீங்களா, உழுறீங்களா?" என்றது குமிழி.

"சிரிக்காம தண்ணியில முழுகிட்டு வாங்கடி. ஒருத்தர் ஈரம் போதாது."

மொட்டு கரையோரம் நின்று தண்ணீர் தெளித்தது, மற்ற நால்வரும் முழுகினார்கள், ஏறினார்கள், இறங்கினார்கள். இரண்டாவது முறை முக்கால் தூரம் வழுக்க முடிந்தது. பத்தாவது முறை முடிந்தபோது, கரையின் உச்சியிலிருந்து மடுவரை ஒரு சிவந்த களிமண் பாதை பளபளத்தது.

"யாரும் இறங்காதீங்க. மொட்டு, வா" என்றது கயலி.

மொட்டு உச்சியில் போய் நின்றது. கீழே பார்த்தது. "இங்க கோடு எங்கம்மா? நான் போதுமான உயரம்தானா?"

"கோடெல்லாம் இல்ல. நான் கீழ தண்ணியில நிக்கறேன். உனக்குத் தோணும்போது விடு."

மொட்டு முன்னங்கால்களால் மண்ணைப் பிடித்துக்கொண்டது. துள்ளி ஏதோ கேலி பேச வாயைத் திறந்தது. குமிழி அதன் வாயைப் பொத்தியது. பிறகு மொட்டு பிடியை விட்டது. சர்ரென்று ஒரு சிவப்புக் கோடு கரையில் ஓடியது. மடுவில் பொத்தென்று விழுந்து, அம்மாவுக்குப் பின்னால் தலையை நீட்டியது.

"இன்னொரு தடவை!" என்றது.

குன்றில் ஒரு நாள்தான் தங்க முடியும். இங்கே மூன்று நாள் தங்கினார்கள். மடுவில் மீன் இருந்தது. தூங்குவதற்கு நாவல் மரத்தின் வேர்ப் பொந்து இருந்தது. கெண்டையப்பன் குட்டிகளோடு சேர்ந்து வழுக்கியதில் அதன் மீசையெல்லாம் சிவந்துபோனது.

மூன்றாம் நாள் ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம் குன்றிலிருந்து திரும்பிவந்தது. தேய்ந்த முதுகைத் தடவிக்கொண்டே தகப்பன் பன்றி கேட்டது: "இதுக்கு எத்தனை சரம்?"

கெண்டையப்பன் கயலியின் காதருகே குனிந்தது. "ஒண்ணே ஒண்ணு கேட்டுப் பார்ப்போமா?"

கயலி ஒரு பார்வை பார்த்தது. கெண்டையப்பன் பழையபடி நிமிர்ந்து நின்றுகொண்டது.

"சரமெல்லாம் வேண்டாம் அண்ணே" என்றது கயலி. "மேல ஏறும்போது வாய் நிறையத் தண்ணி கொண்டுவந்து பாதையில ஊத்துங்க. அது போதும்."

பன்றி அப்படியே செய்தது. அதன் கனத்தில் பாதை நன்றாக அழுந்தி, முன்பைவிட வேகமாக வழுக்கியது.

வீடு திரும்பியதும் நாணல் புதரிலிருந்து செம்மூக்கியின் தலை நீண்டது. "வாங்க வாங்க. குன்று எப்படி இருந்துச்சு?"

"நல்லா…" என்று தொடங்கிய கயலி நிறுத்திக்கொண்டது. குட்டிகள் மூன்றும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நாங்க உள்ள போகல அக்கா. விலை எங்களுக்குக் கட்டுப்படியாகல. வழியில ஓடை வளைவுல தங்கிட்டு வந்தோம்" என்றது.

செம்மூக்கி கேலி செய்யும் என்று கயலி காத்திருந்தது. ஆனால் நீர்க்கோழி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அருகில் வந்தது.

"எங்களுக்கும் கட்டுப்படியாகலடி" என்றது தாழ்ந்த குரலில். "நாலு குஞ்சுல ஒண்ணை வீட்டுல விட்டுட்டுத்தான் போனோம். அது இன்னும் என்கூடப் பேசல. அந்த வளைவுக்கு எப்படிப் போகணும்?"

கயலி வழி சொன்னது.

அடுத்த ஆண்டு மழை ஓய்ந்ததும் ஓடை வளைவு கலகலத்தது. நீர்க்கோழி நான்கு குஞ்சுகளோடும் வந்தது. பன்றிகள் வந்தன. அவை உறவுக்காரர்களையும் அழைத்துவந்தன. நீர்நாய்கள் கரையை நனைத்தன. பன்றிகள் பாதையை அழுத்தின. குஞ்சுகள் ஓரமாக உட்கார்ந்து, யார் அதிக தூரம் தண்ணீர் தெறிக்கவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்லின.

குன்றில் வரிசை குறைந்தது. நெட்டைவாலன் விலையை ஒரு சரமாக இறக்கியது. நிழலையும் இலவசமாக்கியது. சேதி கேட்டதும் துள்ளி, "ஊஞ்சல் மட்டும் ஒரு தடவை ஆடிட்டு வருவோமா?" என்று கேட்டது. கயலி மறுக்கவில்லை. ஒரு பகல் போனார்கள், ஆசை தீர ஆடினார்கள், வெயில் தாழ்வதற்குள் "வளைவுக்குப் போகலாம்மா" என்று மொட்டே கிளப்பிவிட்டது.

மகிழ்ச்சிக்கு ஒரே வாசல்தான் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும்வரை, வாசலில் நிற்பவன் விலையை ஏற்றிக்கொண்டேதான் இருப்பான்.