கையெழுத்துக்கு மேலே

ஜமீலா டீச்சரின் கம்ப்யூட்டர் சென்டரில் படித்தவர்களிலேயே மூத்தவர் சவரிராயன்தான். அவருக்கு நாற்பத்தொன்பது, டீச்சருக்கு முப்பத்திரண்டு. ஆனாலும் டீச்சர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். கற்றுக்கொடுப்பவரிடம் வயது பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி.

அன்று மதியம் வந்தவர் உட்காரவே இல்லை. கையில் பழைய பயோடேட்டா. பம்ப் கம்பெனி ஸ்டோரில் சேர்ந்தபோது எழுதியது. இருபத்திரண்டு வருஷம் அதை யாரும் தொடவில்லை என்பதால், அதில் அவர் இன்னும் 'திருமணமாகாதவர்'. அந்தக் கம்பெனி மூடி இரண்டு வருஷமாகிறது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு வால்வு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர் வேலைக்கு இன்டர்வியூ. இதை விட்டால் இந்த வயதில் கூப்பிட ஆளில்லை. அந்தப் பயத்தில் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

"ஃபேன் ஓடலையா டீச்சர்?" என்று கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன விஷயம், சொல்லுங்க சார்."

"நடுவுல ரெண்டு வருஷம் காலியா கெடக்கு. அதை எப்படி நிரப்பறது?"

டீச்சர் பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தார்.

"மச்சானோட ஹார்டுவேர் கடையில ஸ்டோர் இன்சார்ஜா இருந்தேன்னு போட்டுடலாம். போன் வந்தா ஆமான்னு சொல்றேன்னுட்டார். ஆனா அவர் ஏதாவது உளறி வச்சா? போடலைன்னா, சும்மா இருந்தவன்தானேன்னு வாசல்லயே அனுப்பிட்டா? ரெண்டு பக்கமும் பயமா இருக்கு டீச்சர்."

டீச்சர் இரண்டு வரி தட்டி, பிரின்ட் எடுத்து நீட்டினார். தாள் முழுக்க வெள்ளை. அடியில் மட்டும், 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்.' அதற்குக் கீழே இடம், தேதி, கையொப்பம்.

"போடுங்க."

"மேல ஒண்ணுமே இல்லையே."

"அப்புறம் அடிச்சுக்கலாம். நீங்க முதல்ல கையெழுத்துப் போடுங்க."

சவரிராயன் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

"முடியாது டீச்சர். சரக்கை இறக்கி எண்ணாம ஒரு சலான்லயும் நான் கையெழுத்துப் போட்டதில்லை."

"சரக்கு கம்மியா வந்தா?"

"'ஷார்ட்'னு சலான்லயே எழுதுவேன். அதுக்குக் கீழே போடுவேன்."

"கம்மியா வந்துச்சுன்னு திருப்பி அனுப்ப மாட்டீங்களா?"

"அதெப்படி அனுப்பறது? வந்த வரைக்கும் நல்ல சரக்காச்சே."

"அப்ப எதைத்தான் திருப்பி அனுப்புவீங்க?"

சவரிராயன் யோசித்தார். "ஒரு தடவை போல்ட் பெட்டி வந்துச்சு. எடை கச்சிதமா இருந்துச்சு. தூக்கறப்பவே எனக்கு என்னவோ போல இருந்துச்சு. பிரிச்சா, மேல ரெண்டு வரிசை போல்ட்டு. அடியில கருங்கல்லு."

"கல்லை மட்டும் எடுத்துப் போட்டுட்டீங்களா?"

"வண்டியையே திருப்பிட்டோம். அதோட அந்தக் கம்பெனி ஆளுங்களை கேட்டுக்குள்ளயே விடலை."

"பிரிக்கிறப்ப பக்கத்துல யார் இருந்தா?"

"சரக்கோட வந்த ஆள்தான். மார்கழி மாசம் டீச்சர், எனக்குக் குளிருது. அவனுக்கு வேர்த்து ஊத்துது. ஸ்டோர்ல ஃபேன் இல்லையா சார்னு..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கையில் இருந்த தாள் அதில் படபடத்தது. சவரிராயன் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். முதல்முறையாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷம் என்ன செஞ்சீங்க சார்?" டீச்சரின் விரல்கள் கீபோர்டில் இருந்தன.

"கம்பெனி மூடின அடுத்த வாரம் லூர்துக்கு வலது பக்கம் இழுத்துக்கிச்சு. என் வீட்டுக்காரம்மா. புரட்டிப் படுக்க வைக்கணும், ஊட்டணும். மருந்துக்கு நேரம் தப்பக் கூடாது. வேற ஆளில்லை. இப்பத்தான் சுவரைப் பிடிச்சு நடக்கிறா."

டீச்சர் அதைத் தட்டினார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'திருமணமாகாதவர்' என்பதைத் திருத்தினார். மச்சானின் கடை எங்கேயும் வரவில்லை.

பிரின்ட் வந்தது. சவரிராயன் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, சலானைச் சரிபார்ப்பது போல மேலிருந்து கீழே வந்தார். அடியில் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் தாளை விடவில்லை.

"நாளைக்கு என்னைத் திருப்பி அனுப்பிட்டா, டீச்சர்?"

ஜமீலா டீச்சர் பிரின்டரை அணைத்தார்.

"அனுப்பினாலும் அனுப்புவாங்க," என்றார். "இப்ப காத்து வருதா சார்?"