ஒரு செம்புத் தண்ணீரில் போன படை

முன்னொரு காலத்தில் கருங்குவளை நாட்டைக் கோதண்டவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பது பேச்சுக்குத்தான். பாதி நாள் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், மீதி நாள் ஆடுபுலி ஆடுவான். ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்றதில்லை. அதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த வருஷம் ஆற்றுத் திருவிழாவில் பக்கத்து மேட்டுக்கோட்டை ராஜாவின் யானை இவன் யானைக்கு முன்னால் போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம். அதற்குப் போய்ப் போர் என்றான். வாசலில் முரசுகூட ஏற்றியாகிவிட்டது. அடித்தால் விடியும்போது படை கிளம்பும்.

கிளம்பும் முன் சபையில் மணலைக் கொட்டிப் போரை ஆடிப் பார்ப்பது அங்கே வழக்கம். விரலால் கீறினால் ஆறு, குழித்தால் ஏரி, குவித்தால் மலை. புளியங்கொட்டை காலாள், கொட்டைப்பாக்கு யானை. சேனாபதி எரிமலையார் நம் படையை நகர்த்தினார். எதிரிக்காகச் சபைப் புலவர் உட்கார்ந்தார். சேனாபதி ஆற்றைத் தாண்டினார், புலவர் ஓடினார். கோட்டையைத் தொட்டார், புலவர் மண்டியிட்டார்.

"ஆகா!" என்று தொடையைத் தட்டினான் ராஜா.

மந்திரி சாந்தலிங்கர் மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"என்ன மந்திரியாரே, வயிற்று வலியா?" என்றார் சேனாபதி. மந்திரியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "போர் என்றாலே சிலருக்கு வயிறு கலக்கும், மகாராஜா."

"கலக்கத்தான் செய்கிறது. எதிரி நிஜமாகவே இப்படித்தான் ஓடுவானா என்று யோசித்தேன். இந்தச் சபையிலேயே நன்றாக ஆடுகிறவர் மகாராஜா. அவரே ஒரு தடவை மேட்டுக்கோட்டைப் பக்கம் உட்கார்ந்து பார்க்கட்டுமே."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பட்டு வேட்டியை மடித்துக்கொண்டு மணலில் இறங்கினான்.

சேனாபதிக்குக் குப்பென்று வியர்த்தது. "மகாராஜாவை எதிர்த்து நான் எப்படி..."

"திட்டம் உங்களுடையது, சேனாபதி," என்றார் மந்திரி. "விட்டுக்கொடுத்தால் திட்டமும் போகும், பதவியும் போகும்."

"எனக்கா விட்டுக்கொடுப்பார்?" ராஜா சிரித்தான். "நகர்த்துமய்யா!"

சேனாபதி பல்லைக் கடித்துக்கொண்டு நிஜமாகவே ஆடினார். பாக்குகள் முன்னே, கொட்டைகள் பின்னே. படை பாதி ஆற்றில் இறங்கும்வரை ராஜா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். அப்புறம் பக்கத்தில் இருந்த செம்பை எடுத்து, மேட்டுக்கோட்டைக்கு மேலே இருந்த ஏரியில் கவிழ்த்தான்.

"மதகைத் திறந்துவிட்டேன்!"

தண்ணீர் பாய்ந்தது. காலாள், யானை எல்லாம் சேறோடு சேறாகத் தூண் அடிக்குப் போய் ஒதுங்கின.

"இன்னொரு வழி இருக்கிறது," என்றார் சேனாபதி. "கணவாய் வழி."

மறுபடி மணல், மறுபடி கொட்டைகள். கடைசி வரிசை உள்ளே நுழையும்வரை விட்டுவிட்டு, ராஜா தன் வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிக் கணவாயின் பின்வாயில் வைத்தான். மந்திரியின் பெட்டியைப் பிடுங்கி முன்வாயில் வைத்தான். மலைமேலிருந்து கைநிறைய சரளைக்கல்லை உருட்டினான்.

"ஜெயித்தேன்! ஒருத்தன் மிச்சமில்லை! பார்த்தீர்களா, ஒருத்தன்கூட..."

யாரும் கைதட்டவில்லை.

ராஜா குனிந்து பார்த்தான். கல்லுக்கு அடியில் ஒரு குச்சியும் அதன் நுனியில் நீலத்துணியும் கிடந்தன. நீலம் அவன் கொடி. தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. முரசுக்காரன் வாசலில் கோலோடு காத்திருந்தான். அவனுக்குப் பின்னால் தெரு முழுக்க ஆட்கள், வேல்களைச் சாணை பிடித்துக்கொண்டு. ராஜாவுக்குக் காது மடல் சுட்டது.

"சேனாபதி, இப்போது விட்டுக்கொடுத்தீரா?"

"இல்லை, மகாராஜா. முடிந்தமட்டும் ஆடினேன்."

"ஆடுபுலியில்?"

சேனாபதி தரையைப் பார்த்தார். புலவர் கூரையைப் பார்த்தார்.

"சொல்லுமய்யா. எத்தனை ஆட்டம்?"

"எல்லாமே, மகாராஜா," என்றார் சேனாபதி. "நாங்கள் எல்லோருமே. உங்கள் முகம் வாடினால் எங்கள் பதவி போய்விடும் என்று பயம். இந்தப் போருக்கும் அதனால்தான் தலையாட்டினேன்."

ராஜா மந்திரியிடம் திரும்பினான். "உமக்கும் தெரியுமா?"

"நானும்தான் தோற்றுக் கொடுத்தேன், மகாராஜா. அந்த வெட்கம் எனக்கும் உண்டு."

ஆக, அவன் வாழ்க்கையில் நிஜமாக ஜெயித்த ஒரே படை அவனுடைய சொந்தப் படை. சபையே பார்க்க ஜெயித்திருக்கிறான், தொடையைத் தட்டித் தட்டி. கிரீடம் திடீரென்று அடுத்தவன் தலைப்பாகை மாதிரி உறுத்தியது. கழற்றிப் படியில் வைத்தான்.

கூட்டிப் பெருக்க ஆள் வந்தான். "வேண்டாம், போ," என்று சொல்லிவிட்டு, ராஜாவே முழங்காலிட்டுச் சேற்றில் கிடந்த புளியங்கொட்டைகளைப் பொறுக்கினான். கொஞ்ச நேரத்தில் சேனாபதியும் வந்து பக்கத்தில் மண்டியிட்டார்.

பிறகு ராஜா வாசலுக்குப் போனான். வேட்டியெல்லாம் சேறு.

"முரசை இறக்கு. எல்லோரும் வீட்டுக்குப் போங்கள். தப்பு என்மேல்."

கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்: "அப்போ யானை விஷயம், மகாராஜா?"

"முன்னால் போனால் போகட்டும்," என்றான். அதைச் சொல்லும்போது அவனால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

மந்திரிக்குப் பரிசு உண்டு. ஆட்டத்தில் எதிராளி உட்காரும் மணை இனி அவருக்கே என்று சபையில் அறிவித்தான் ராஜா. தோற்றுக்கொடுத்தால்தான் இனிமேல் பதவி போகும். அன்று சாயங்காலமே ஆடுபுலிக் கட்டத்தைக் கொண்டுவரச் சொன்னான். விளக்கேற்றும் முன்பே மந்திரி அவன் புலிகள் மூன்றையும் அடைத்துவிட்டார்.

ராஜா மீசையைப் பிடித்து இழுத்தான். முகம் சிவந்தது. சபையே மூச்சைப் பிடித்தது.

"இன்னொரு ஆட்டம்," என்றான்.