தோள் சுமை

“இவனை இந்தப் பக்கத்துச் சத்திரம் எதிலாவது விட்டுவிடலாம், சுவாமி” என்றான் கொற்றன்.

துறவுக்கு வருமுன் அவன் மல்யுத்தக்காரன். ஊர் ஊராகப் போய் ஆட்களைத் தூக்கி எறிந்தவன்.

அவன் சொன்னது ஆதனை. காய்ச்சலில் கால் சூம்பிப்போன இன்னொரு சீடன். கம்பை ஊன்றி ஊன்றி வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

“இவனால்தான் தாமதம். நேற்றே வந்திருந்தால் ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர்.”

எதிரே காட்டாறு கலங்கி ஓடியது. மலையில் மழை. இருட்டுவதற்குள் இன்னும் ஏறும்.

“அண்ணன் சொல்வது சரிதான்” என்றான் ஆதன். “நான் இருந்துகொள்கிறேன்.”

குரு இருவரையும் பார்த்தார்.

“முதலில் அவனை அக்கரையில் கொண்டுபோய் விடு. பிறகு வந்து எனக்குக் கை கொடு.”

கொற்றன் ஆதனைத் தோளில் உட்கார்த்திக்கொண்டு இறங்கினான். நடு ஆற்றில் தண்ணீர் நெஞ்சைத் தொட்டது. வைத்த அடி ஒவ்வொன்றும் மணலில் அழுந்திப் பதிந்தது.

“கனமாக இருக்கிறேனா, அண்ணா?”

கொற்றன் அடுத்த அடியை எட்டி வைத்தான்.

அக்கரையில் அவனை இறக்கிவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பினான். சுமை போன நிம்மதியில் வேகமாக இறங்கினான்.

நடு ஆற்றில் பாதம் தரையை விட்டது.

ஊன்றப் பார்த்தான். தரை அகப்படவில்லை. வெள்ளம் அவனைப் புரட்டி எடுத்துக்கொண்டு போனது. ஆதன் அலறுவது கேட்டது. பிறகு காதில் தண்ணீர்தான்.

வெகுதூரம் தள்ளி, இக்கரையில் ஒரு மருத மரத்தின் வேர் கையில் சிக்கியது.

கரையோரமாகவே நடந்து குருவிடம் வந்தான். முழங்கை கிழிந்திருந்தது.

“அதே துறைதான், சுவாமி. தண்ணீரும் அதற்குள் ஏறவில்லை. போகும்போது நின்ற கால் வரும்போது நிற்கவில்லை.”

“போகும்போது எப்படிப் போனாய்?”

“எப்படி என்றால்… ஆதனைத் தூக்கிக்கொண்டு…”

அக்கரையைத் திரும்பிப் பார்த்தான்.

அக்கரையில் ஆதன் கம்பை ஊன்றி எழுந்து நின்று, இவன் பிழைத்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தான். கொற்றன் அவனைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.

பிறகு குருவின் முன்னால் குனிந்து உட்கார்ந்தான்.

“தோளில் ஏறிக்கொள்ளுங்கள், சுவாமி.”

“எனக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது?”

“உங்களுக்காகச் சொல்லவில்லை” என்றான் கொற்றன்.